வீட்டு மேசையில் ஒரு சலனப்படம்



நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குக் காலை வேளையில் ஒரு முறையேனும் போய் வந்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். அங்கே மல்லிகைப் பூ விற்பதில்லை. மல்லிகை மொட்டே விற்கிறது. பொழுது நன்றாகப் புலர்வதற்கு முன்பே தோட்டங்களில் கொய்த மொட்டுகள் கூடைகளிலும் பைகளிலும் வந்து இறங்கும். எடை போடுவார்கள்; விலை பேசுவார்கள்; வெளியூர் வண்டிகளில் ஏற்றுவார்கள். பகலெல்லாம் மொட்டாகவே பயணம் செய்து, மாலை மங்கும் நேரத்தில், மதுரையிலோ சென்னையிலோ யாரோ ஒருவருடைய கூந்தலில் அது மலரும். எங்கள் ஊராருக்கு மலர் என்பது பெரும்பாலும் பிறர் பார்க்கும் பொருள்.

இவ்வூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அடுத்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் அவள் வந்து, "வாத்தியார் தாத்தா, மொட்டு எந்த நிமிடத்தில் பூவாகிறது?" என்று கேட்டாள். நான் விடை சொல்லத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. மொட்டைப் பார்த்திருக்கிறேன். பூவைப் பார்த்திருக்கிறேன். இடையில் நடப்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. மல்லிகை நடுவிலேயே வாழ்ந்தவன் இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும். ஆனால், நேயர்களே, உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

மெல்ல நிகழும் ஒன்றை நம் கண்ணால் காண இயலாது. கடிகாரத்தின் சிறிய முள் நகர்வதை எவரும் கண்டதில்லை, நகர்ந்திருப்பதைத்தான் காண்கிறோம். இந்தக் குறையைத் தீர்க்கும் வழியை நம் நாட்டிலேயே ஒருவர் 1912 ஆம் ஆண்டில் கையாண்டு காட்டினார். அவர் தாதாசாகேப் பால்கே. பம்பாயில் ஏசுநாதரின் வரலாற்றைக் கூறும் சலனப்படம் ஒன்றைக் கண்டு, நம் புராணக் கதைகளையும் அவ்வாறு திரையில் காட்ட வேண்டும் என்று ஆவல் கொண்டார். லண்டனுக்குச் சென்று வில்லியம்ஸன் காமிரா ஒன்றை வாங்கி வந்தார். கருவி வந்துவிட்டது, படம் எடுக்கப் பணம் வரவில்லை. பணம் உள்ளவர்களுக்கு இந்தப் புதிய வித்தையில் நம்பிக்கை இல்லை.

அப்போது பால்கே என்ன செய்தார் தெரியுமா? ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே காமிராவை அசையாமல் நிறுத்தினார். ஒவ்வொரு படமாக, ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டே வந்தார். பிறகு அந்தச் சுருளைத் திரையில் ஓடவிட்டார். விதை முளைத்தது, தண்டு நீண்டது, கொடி படர்ந்தது. ஒரு மாத வளர்ச்சி சிறிது நேரத்துக்குள் கண்முன் நடந்தேறியது. அதைக் கண்ட நாட்கர்ணி என்பவர் பொருளுதவி செய்ய முன்வந்தார். பால்கேயின் துணைவியார் சரஸ்வதிபாய், படச்சுருளின் ஓரங்களில் துளையிடவும் சுருளைக் கழுவவும் இருட்டறையில் அமர்ந்து கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1913 மே 3 ஆம் நாள், பம்பாய்க் காரனேஷன் அரங்கில் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. அரிச்சந்திரனாக ஒருவர் வேடம் புனைவதற்கு முன்பே, பால்கேயின் காமிரா முன் ஒரு பட்டாணிக் கொடி நடித்து முடித்திருந்தது.

இந்தக் கதையைச் சிறுமிக்குச் சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். மறுநாள் மாலை அவள் தன் தந்தையின் கைப்பேசியையும் ஒரு மல்லிகைத் தொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கைப்பேசியின் கண்ணாடியில் ஒரு விரிசல். "படம் எடுக்கும் கண் நன்றாகத்தான் இருக்கிறது, தாத்தா" என்றாள்.

கணக்கு எளியது. மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை, 2 நிமிடத்துக்கு ஒரு படம். மொத்தம் 150 படங்கள். திரையரங்கில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. வீட்டில் செய்பவர்களுக்கு 12 போதும். அந்த வேகத்தில் 150 படங்களும் பன்னிரண்டரை விநாடியில் ஓடிவிடும். ஐந்து மணி நேரம் பன்னிரண்டரை விநாடியாகச் சுருங்கும்.

கணக்கு எளியதாக இருந்ததே அன்றிக் காரியம் எளியதாக இல்லை. முதல்நாள் சன்னலருகே தொட்டியை வைத்தோம். படங்களை ஓட்டிப் பார்த்தபோது, காற்றில் துடிக்கும் அகல் விளக்கின் எதிரே பூவை வைத்தாற்போல, ஒளி கூடிக் குறைந்து கண்ணை உறுத்தியது. காரணம் பிறகுதான் புரிந்தது. கைப்பேசிக் காமிரா மிகவும் உபகாரி. வெளிச்சம் குறைந்தால் தானாகவே கண்ணை அகலத் திறக்கும், கூடினால் சுருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக முடிவு செய்யும். தனிப்படத்துக்கு அது நன்மை, தொடர்படத்துக்குக் கேடு. திரையில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளியளவும் குவியமும் மாறாமல் பூட்டிக்கொள்ளும். சூரிய வெளிச்சத்தையும் நம்பலாகாது. மேகம் ஒன்று கடந்தாலே போதும். சன்னலை அடைத்து, ஒரே விளக்கை ஒரே இடத்தில் வைப்பதே முறை. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. நிலக்கோட்டைக் கோடையில் அதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

இரண்டாம் நாள் சன்னலை அடைத்தோம், விளக்கை வைத்தோம், வியர்வையில் நனைந்தோம். 6 மணி 10 நிமிடத்துக்குக் கைப்பேசி மணியடித்தது. சிறுமியின் தந்தை வந்து அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். பேசி முடித்து, "இந்தா, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்" என்று திரும்ப வைத்தார். இருந்த இடத்தில் ஒரு நூலிழை பிசகினாலும் பூ திடீரென்று பக்கத்துக்குத் தாவும் என்பதை அன்றிரவு கண்டோம். அழைப்புகள் வராதபடி கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு 7 மணி 40 நிமிடத்துக்கு மின்சாரம் நின்றது. முக்கால் மணி கழித்து விளக்கு வந்தபோது எங்கள் எதிரே மலர்ந்த பூ இருந்தது. மல்லிகை மின்சாரத்துக்காகக் காத்திருக்கவில்லை.

நான்காம் நாள், மின்சாரம் போனாலும் எரியும் விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, வேறொரு மொட்டை எதிரே வைத்து எடுத்து முடித்தோம். பன்னிரண்டரை விநாடி. இறுகச் சுற்றியிருந்த இதழ்கள் மெல்ல நெகிழ்கின்றன, ஒன்று விலகுகிறது, மற்றவை தொடர்கின்றன. காம்பும் சும்மா இருக்கவில்லை. சிறிது சிறிதாக நிமிர்ந்து திரும்புகிறது. நான் நினைத்திருந்ததுபோல் அது சீராக விரியவில்லை. சிறு சிறு நடுக்கங்களோடு, தயங்கித் தயங்கி விரிந்தது. எழுபது வயதில் முதன்முறையாக ஒரு மல்லிகை மலர்வதைப் பார்த்தேன்.

"எந்த நிமிடத்தில்?" என்ற வினா மட்டும் அப்படியே நின்றது. 150 படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். 71 ஆம் படத்துக்கும் 72 ஆம் படத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. எந்த இரண்டு அடுத்தடுத்த படங்களை எடுத்தாலும் அப்படியே. மலர்தல் எந்தப் படத்திலும் இல்லை. ஆயினும் ஓட்டினால் மலர்கிறது. "அப்படியானால் அது எங்கே இருக்கிறது, தாத்தா?" என்றாள்.

நல்ல கேள்வி. பழைய பாடநூல்களில், ஒரு படத்தின் சாயல் மறையுமுன் அடுத்த படம் கண்ணில் விழுவதால் அசைவு தோன்றுகிறது என்று எழுதியிருப்பார்கள். அது முழு விளக்கம் ஆகாது. மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளவியல் அறிஞர், அருகருகே உள்ள இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தக்க இடைவெளி விட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் இரண்டு கோடுகளைக் காணவில்லை. ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதைக் கண்டார்கள். இரண்டு நிலைகளுக்கு நடுவில் உள்ள பாலத்தை மூளையே கட்டிக்கொள்கிறது. இந்த ஆராய்ச்சியும் 1912 இல்தான் வெளிவந்தது. ஒருபுறம் ஒருவர் பட்டாணி வளர்த்துக்கொண்டிருக்க, மறுபுறம் ஒருவர் கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியார்.

ஆகவே, அசைவு இருப்பது படங்களில் அன்று. படங்களுக்கு இடையே நாம் விடும் இடைவெளியில். பட்டாணியும் மல்லிகையும் தாமாகவே அசைந்தன. அந்த இடைவெளியை இயற்கை நிரப்பிற்று. தாமாக அசையாத பொருளை எடுத்துக்கொண்டால், இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும். ஒரு படம் எடுப்பது, பொருளைச் சிறிது நகர்த்துவது, மீண்டும் ஒரு படம் எடுப்பது. இதனையே ஸ்டாப் மோஷன் என்கிறார்கள். பால்கேயும் இந்த இரண்டாம் படியில் காலடி வைத்தார். 1915 இல், போர்க்காலத்து நெருக்கடியில், தீக்குச்சிகளை நடிகர்களாகக் கொண்டு ஒரு சிறு படம் செய்தார். சம்பளம் கேளாத நடிகர்கள்!

தாமாக அசையாதவற்றை அசைய வைப்பதில் விசித்திரமான மனிதர்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் என்பவர் பூச்சிகளில் ஆர்வம் மிக்கவர். இரண்டு கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படம்பிடிக்க விரும்பினார். விளக்கின் வெப்பம் பட்டதும் வண்டுகள் சுருண்டு சோம்பிவிட்டன. அவர் சோம்பவில்லை. இறந்த வண்டுகளின் கால்களுக்குப் பதிலாகக் கம்பிகளைப் பொருத்தி, இம்மி இம்மியாக நகர்த்தி, 1910 இல் அந்தப் போரைப் படமாக்கினார். இரண்டாண்டு கழித்து வண்டுகளையே பாத்திரங்களாக வைத்து ஒரு குடும்பக் கதையும் எடுத்தார். பார்த்தவர்களிற் சிலர், பூச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்றே எண்ணினார்களாம்.

அமெரிக்காவில் ரே ஹாரிஹவுசன், 'கிங்காங்' படம் வெளிவந்த 1933 இல் பதின்மூன்று வயதுச் சிறுவர். அந்தக் குரங்கை எப்படி நடக்கவைத்தார்கள் என்று அறியும் வேட்கையில், வீட்டு வண்டிக் கொட்டகையையே கலைக்கூடமாக்கிக்கொண்டார். பொம்மைகளின் எலும்புக்கூட்டைத் தந்தை கடைந்து கொடுத்தார். சட்டைகளைத் தாய் தைத்துக் கொடுத்தார். குஜராத்தில் பிறந்து ஆமதாபாத்தில் பயின்ற இஷு படேல், 1977 இல் கனடாவில் ஆயிரக்கணக்கான பாசிமணிகளைக் கறுப்புப் பரப்பில் நகர்த்தி நகர்த்தியே ஒரு படம் செய்து ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றார்.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற அம்மையார் கறுப்புத் தாளில் உருவங்களை வெட்டி, மூட்டுக்கு மூட்டுக் கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்து, மேலிருந்து படமெடுத்தார். இளவரசர் அஹ்மதின் கதையை மூன்று ஆண்டு பாடுபட்டு 1926 இல் வெளியிட்டார். நம் மதுரைப் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இதில் வியப்பு இராது. அந்தப் பாவைகளும் மூட்டுக்கு மூட்டு இணைத்தவையே. கூத்துக்காரர் கோலால் ஆட்டுகிறார். ரைனிகர் விரலால் நகர்த்தினார்.

நாங்கள் தீக்குச்சியையே தேர்ந்தெடுத்தோம். ஒரு பெட்டி வாங்கினால் ஒரு நாடகக் குழுவே கையில் இருக்கிறது.

முதலில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துப் பழகினோம். தரையில் கறுப்புத் துணி விரித்தோம். இரண்டு முக்காலிகளின்மேல் ஒரு பலகையைப் பாலம்போல் இட்டு, அதன் விளிம்புக்கு வெளியே காமிராக்கண் நீண்டு கீழ்நோக்கும்படி கைப்பேசியைப் படுக்க வைத்தோம். அசையாதிருக்க அதன் மறுமுனையில் ஒரு கனத்த அகராதி. திரையை விரலால் தொட்டுப் படமெடுத்தால் ஒவ்வொரு முறையும் சிறு அதிர்ச்சி. காதில் மாட்டும் கம்பிக் கருவியின் ஒலிப் பொத்தானை அழுத்தினால் பல கைப்பேசிகளில் படம் எடுத்துக்கொள்ளும். அது இல்லாதவர்கள் 2 விநாடி கழித்து எடுக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

பொத்தான் பந்துபோல் விழ வேண்டும். சிறுமி ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு விரற்கடை நகர்த்தினாள். ஓட்டிப் பார்த்தால் பந்து விழவில்லை; யாரோ கயிற்றில் கட்டி இறக்குவதுபோல் இருந்தது. "உன் அறிவியல் நூலை எடுத்து வா" என்றேன். விழும் பொருள் சம காலங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடும் என்று கலீலியோ கண்டார் அன்றோ? நம் கணக்கில் ஒரு படத்துக்கு 1/12 விநாடி. உண்மையான பந்து முதல் 1/12 விநாடியில் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் விழும்; இரண்டாவதில் பத்து; மூன்றாவதில் பதினேழு; நான்காவதில் இருபத்து நான்கு. அரை மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தைக் கடக்க நான்கே படங்கள். அந்த விகிதத்தைச் சிறிதாக்கி, அரை விரற்கடை, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று நகர்த்தினாள். துணியில் படுத்துக் கிடந்த பொத்தான் மேலிருந்து விழுந்தது! எம்பும்போது அதே எண்களைத் தலைகீழாக வைத்தாள். உச்சியில் ஒரு கணம் தயங்கி நின்று மீண்டும் இறங்கியது. இருபது ஆண்டு இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். என் மாணவர்களில் ஒருவர்கூட அன்று அவள் கைதட்டியதுபோல் கைதட்டியதில்லை.

அடுத்து, நடை. குச்சிகளை ஒடித்து, தலைக்கு மருந்து முனை, உடலுக்கு ஒரு குச்சி, தொடைக்கும் காலுக்கும் துண்டுகள் என்று ஒரு பெண்ணுருவம் அமைத்தோம். சாதாரண நடையில் ஓர் அடிக்கு அரை விநாடி, அதாவது 6 படங்கள். இரண்டு அடிக்கு 12. அவள் ஒழுங்காகத்தான் நகர்த்தினாள். உருவம் நகர்ந்தது; நடக்கவில்லை. "தையல் இயந்திரத்தின் ஊசிபோல் இருக்கிறது" என்று அவளே சலித்துக்கொண்டாள்.

"தெருவில் போய் உட்கார். யாராவது ஒருவர் நடப்பதைப் பார். எந்தக் கால் எவ்வளவு நேரம் தரையில் இருக்கிறது, தலை எப்போது உயர்கிறது, எப்போது தாழ்கிறது என்று எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பினேன். இரண்டு கால்களும் அகன்றிருக்கும்போது உடல் தாழ்கிறது. ஒரு கால் நேராக நிற்க மறுகால் அதைக் கடக்கும்போது உடல் உயர்கிறது. இதை நூலில் படித்தால் மறந்துவிடும். மூன்று நாள் அவளைக் காணவில்லை. நான்காம் நாள் புதிய படத்தோடு வந்தாள். எனக்கு மட்டும் காட்ட மறுத்துவிட்டாள். "மாலையில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், எல்லோருக்கும் சேர்த்துக் காட்டுகிறேன்" என்றாள்.

மாலையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் கூடினோம். தந்தை, தாய், ஐந்து வயதுத் தம்பி, அப்பத்தா எல்லோரும் இருந்தார்கள். விரிசல் விட்ட திரையில் தீக்குச்சிப் பெண் இடமிருந்து வலமாக நடந்து போனாள். ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் உடனே எடுத்துவிட்டாள். மறு காலில் நெடுநேரம் நின்றாள். உடல் ஒருபக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. வலிக்கும் காலுக்கு 4 படங்களும், நல்ல காலுக்கு 8 படங்களும் கொடுத்திருக்கிறாள் என்று பிறகு கேட்டறிந்தேன். முகமில்லை, உடையில்லை, வயதில்லை; எட்டு ஒன்பது குச்சித் துண்டுகள். ஆனால் தம்பி கையை நீட்டி, "அப்பத்தா!" என்று கூவினான்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பத்தா சிரிக்கவில்லை.

"நான் இப்படியா நடக்கிறேன்?" என்று கேட்டார்.

எவரும் பேசவில்லை. சிறுமியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் சொரேல் என்றது. 'ஒருவரைப் பார்த்து எழுதி வா' என்று சொன்ன நான், 'அவரிடம் சொல்லிவிட்டு எழுது' என்று சொல்லவில்லை. தன் நடையைத் தானே எவரும் பார்ப்பதில்லை. கண்ணாடி முகத்தைக் காட்டும். தெருவில் நாம் போகும் கோலத்தைக் காட்டாது. எழுபத்தைந்து ஆண்டு நடந்த ஒருவருக்கு அவர் நொண்டுவதை, அவர் பேத்தியே, குச்சிகளை வைத்துக் காட்டிவிட்டாள். தந்தை கைப்பேசியை வாங்கி அணைக்கப் போனார்.

"இரு. இன்னொரு தரம் போடு" என்றார் அப்பத்தா.

நான்கு முறை பார்த்தார். நான்காம் முறை முடிந்ததும், "கூடை எங்கே?" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"முப்பது வருசம் தலையில் பூக்கூடையோடு சந்தைக்கு நடந்தவள் நான். முழங்கால் போனபிறகும் அஞ்சு வருசம் சுமந்தேன். இந்தக் குச்சிக்காரி வெறுந்தலையோடு போகிறாள். அதனால்தான் தலை இப்படி ஆடுகிறது. கூடை இருந்தால் ஆடவிடுவோமா? ஆடினால் பூக் கொட்டிப்போகும், வாத்தியாரையா."

சொன்னதோடு நில்லாமல் எழுந்தார். மூலையில் கிடந்த பழைய கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, திண்ணையிலிருந்து இறங்கி வேப்பமரம் வரை நடந்து, திரும்பி வந்தார். கால்கள் முன்போலவே இழுத்தன. ஒன்று விரைந்தது, மற்றொன்று தங்கியது. ஆனால் இடுப்புக்கு மேலே வேறோர் ஆள் நடப்பதுபோல் இருந்தது. இடுப்பும் கழுத்தும் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கோணலை வாங்கி விழுங்கிவிட்டன. கூடை ஒரே மட்டத்தில், நூல் பிடித்தாற்போல் சென்றது. "பார்த்துக்கொண்டாயா? எழுதிக்கொள்" என்று பேத்தியிடம் சொன்னார். மூச்சு வாங்கியது, ஆனாலும் மறுமுறையும் நடந்து காட்டினார்.

அசைவூட்டும் கலையில் பேர்பெற்ற கனடா நாட்டு நார்மன் மக்லாரன், ஒவ்வொரு படத்திலும் இருப்பதைவிட, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நிகழ்வதே முக்கியம் என்று கருதியவர். மனிதர்களையும் நாற்காலியையும்கூடப் பொம்மைகளாக்கிப் படமெடுத்தார். உட்கார இடங்கொடாத ஒரு நாற்காலியைப் பற்றி 1957 இல் வெளிவந்த அவர் படத்துக்கு நம் ரவிசங்கர் இசை அமைத்தார். அந்தக் கருத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். எங்கள் தெரு வேப்பமரத்தடியில், தலையில் வெறுங்கூடையோடு அப்பத்தா நடந்த மாலையில்தான் அது எனக்குப் புரிந்தது.

இப்போது படம் முதலிலிருந்து மறுபடி எடுக்கப்படுகிறது. பாதித் தீப்பெட்டி கூடையாகிவிட்டது. அதில் மொட்டுகளுக்குப் பதிலாக அரிசி மணிகள். நகர்த்தும்போதெல்லாம் மணிகள் உருண்டு இடம் மாறியதால், கூடைக்குள் பூக்கள் கொதிப்பதுபோல் தெரிந்தது. பசை தடவி ஒட்டியபின் சரியாயிற்று. துணியின் குறுக்கே மெல்லிய நூல் ஒன்று கட்டியிருக்கிறாள். படமெடுக்குமுன் கூடையின் விளிம்பை அந்த நூலோடு பொருத்திப் பார்த்துவிட்டு, நூலை விலக்கிவிடுவாள். கால்களுக்கு அதே 4, அதே 8. கழுத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. சில சமயம் இரண்டு.

144 படங்கள் வேண்டும், 12 விநாடி. நான் இந்தப் பேச்சுக்குப் புறப்பட்ட நேரத்தில் 96 முடிந்திருந்தது. நாள்தோறும் விளக்கு வைத்ததும் அப்பத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, எத்தனை ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போகிறார்.